எபிசோட் 37: ஃபேவரிட் ஃபுட், பீட்சா

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த "ஆக்சுவலி", "பேசிக்கலி" எல்லாத்தையும் முக்கால்வாசி எடுத்தாச்சு. மீதி அப்படியே இருக்கு, பொறுத்துக்கோங்க.)

போன வாரம் எபிசோட் வரல, மன்னிச்சுக்கோங்க. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் வைக்கிற மனுஷங்களைப் பத்தி தனியா ஒரு எபிசோட் பண்ணணும். இன்னைக்கு அது இல்ல.

இன்னைக்கு ஒரு போட்டோவைப் பத்தி பேசப்போறேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, ராத்திரி பத்தரை மணி இருக்கும், வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ வந்துச்சு. அனுப்பினவன் என் ஸ்கூல் ஃப்ரெண்ட். பொங்கல் வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து, இதைத் தாண்டி நாங்க பேசி நாலஞ்சு வருஷம் ஆச்சு. போட்டோவுல ஒரு கோடு போடாத நோட்டு. நீல இங்க்ல கேள்வி, கறுப்பு இங்க்ல பதில். பதில் எழுதியிருந்தது என் கையெழுத்து. போட்டோவுக்குக் கீழ ஒரே ஒரு வரி: "டேய், நீ என்னைக்குடா பீட்சா சாப்ட்ட?"

ஸ்லாம் புக், மக்களே. ஸ்லாம் புக்.

2கே கிட்ஸுக்காக ஒரு நிமிஷம் விளக்கிடுறேன். பத்தாவது, பன்னெண்டாவது முடியுற நேரத்துல ஒரு நோட்டை எடுத்துக்கிட்டு கிளாஸ் முழுக்கச் சுத்துவோம். ஆளுக்கு ஒரு பக்கம். பேர், செல்லப்பேர், பிறந்தநாள், பிடிச்ச கலர், பிடிச்ச சாப்பாடு, பிடிச்ச பாட்டு, பெஸ்ட் ஃப்ரெண்ட், என்னைப் பத்தி ரெண்டு வார்த்தை. இப்ப இன்ஸ்டா பயோ இருக்கில்ல, அதையே பேனாவால எழுதி, எடிட் பண்ணவே முடியாதபடி அடுத்தவன் வீட்டுப் பரண்ல வச்சா எப்படி இருக்கும்? அதான் ஸ்லாம் புக்.

பணம் இருக்கிறவன் ஃபேன்ஸி ஸ்டோர்ல ரெடிமேடா வாங்குவான். அட்டையில கரடி பொம்மை இருக்கும், சின்னதா ஒரு பூட்டு சாவி இருக்கும். அந்தப் பூட்டை ஹேர்பின் போட்டே தொறந்துடலாம். என் ஃப்ரெண்டு வச்சிருந்தது அப்படி இல்ல. கோடு போடாத நோட்டுல ஒவ்வொரு பக்கத்துக்கும் கேள்வியை அவனே கையால எழுதியிருந்தான். நாப்பது பக்கம், நாப்பது தடவை.

அவன் பேரை இங்க சொல்லப்போறதில்ல. கிளாஸ்ல எல்லாரும் கூப்பிட்ட பேரையே சொல்றேன்: ரேடியோ. ஏன் அந்தப் பேருன்னு அப்புறம் வரும்.

இது நடந்தது 2011-12, மதுரையில. நான் பத்தாவது. இப்ப யோசிச்சா, ஒரு கல்வியாண்டுக்குள்ள இவ்வளவு விஷயம் நடந்துச்சான்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு. ஒவ்வொரு பதிலா படிக்கிறேன். பக்கத்துலயே உண்மையையும் சொல்லிடுறேன். பதிமூணு வருஷம் கழிச்சு ஒரு பக் ஃபிக்ஸ்னு வச்சுக்கோங்க.

ஹாபீஸ்: ரீடிங் புக்ஸ்

பொய். அந்த வருஷம் எங்ககிட்ட புக்கே இல்ல. ஜோக் இல்லங்க, பாடப்புத்தகமே இல்ல. 2011 ஜூன்ல ஸ்கூல் தொறந்தாச்சு. சமச்சீர் கல்வியா, பழைய சிலபஸான்னு கேஸ் நடந்துக்கிட்டிருக்கு. ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகுதான் புக்கு கைக்கு வந்துச்சு. கிட்டத்தட்ட ரெண்டு மாசம். பதினாலு, பதினஞ்சு வயசுப் பசங்க அறுபது பேரை ஒரு ரூம்ல புக்கு இல்லாம உக்கார வச்சா என்ன ஆகும்?

டபிள்யூ டபிள்யூ இ டிரம்ப் கார்ட்ஸ் ஆகும்.

ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ், ஃபைட்ஸ் ஃபாட், ஃபைட்ஸ் வொன். நம்பர் சொல்லணும், பெரிய நம்பர் வச்சிருக்கவன் கார்டை அள்ளிக்கணும். ஹைட் கேட்டா கிரேட் காளி. எவனும் பக்கத்துல வர முடியாது. ஆனா ரே மிஸ்டீரியோ கையில வந்தவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுடும். ஏன்னா அவன் எதைச் சொல்றதுன்னு தேடிக்கிட்டே இருப்பான். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு எங்க பெஞ்சுல ஒருத்தன் சத்தியம் பண்ணினான். இன்னொருத்தன் அவர் நிஜமாவே செத்துட்டாரு, இப்ப வர்றது அவரு தம்பின்னான். ரெண்டையும் ஒரே நேரத்துல நான் நம்பினேன்.

அந்த ரெண்டு மாசம் கார்டு விளையாடுறதுலயும், பேனா ஃபைட்லயும் போச்சு. ரெனால்ட்ஸ் பேனா எடை கம்மி, ஒரே சுண்டுல பெஞ்சை விட்டு விழுந்துடும். அதுக்காக மூடிக்குள்ள களிமண் அடைச்சு எடை ஏத்தினவன் எங்க ரேடியோதான். மெக்கானிக்கல் எடுத்திருக்க வேண்டிய ஆளு.

ஆக, ஹாபீஸ்: ரீடிங் புக்ஸ். சரி, அடுத்தது.

ஃபேவரிட் ஃபுட்: பீட்சா

2012 மார்ச் வரைக்கும் நான் பீட்சா சாப்பிட்டது மொத்தம் பூஜ்யம் தடவை. டிவி விளம்பரத்துல அந்தச் சீஸ் நீளமா இழுபடும் பாருங்க, அதைப் பார்த்திருக்கேன். அதுவே ஃபேவரிட்டா ஆகிடுச்சு. முதல் தடவை சாப்பிட்டது காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல. சீஸ் இழுபடல. கூட வந்த பாக்கெட்டைப் பிரிச்சு, அந்த ஆரிகானோவை என்ன பண்றதுன்னு தெரியாம டீத்தூள் மாதிரி பார்த்துக்கிட்டிருந்தேன்.

உண்மையான பதில்: பருத்திப்பால். மதுரைக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மத்தவங்களுக்கு: பருத்திக்கொட்டையை ஊற வச்சு, அரைச்சு, பால் எடுத்து, அரிசி மாவு, கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கு, ஏலக்காய் எல்லாம் போட்டுக் காய்ச்சி, மேல தேங்காய்ப்பூ தூவித் தருவாங்க. சாயங்காலம் தள்ளுவண்டியில அடுப்போட வரும். சூடா, கெட்டியா, தொண்டையில சுக்கு லேசா சுரண்டிக்கிட்டே இறங்கும். டியூஷன் போற வழியில நானும் ரேடியோவும் ஒரு டம்ளர் வாங்கி ரெண்டு பேரும் குடிப்போம். ஒரு டம்ளர்தான். ரெண்டாவதுக்குக் காசு இருக்காது.

இதை ஏன் எழுதலன்னு கேட்டா, எழுதலாம்னு எனக்குத் தோணவே இல்ல. பருத்திப்பால் "ஃபேவரிட் ஃபுட்" லிஸ்ட்ல வர்ற ஐட்டம்னே எனக்குத் தெரியாது. ஃபேவரிட்னா அது விளம்பரத்துல வரணும்னு நினைச்சிருக்கேன்.

மெசேஜ் டு மீ

இந்தப் பகுதியை அப்படியே படிக்க முடியாது, ஏன்னா அதுல உயிரெழுத்தே கிடையாது. "ஆல்வேஸ்"ல பாதி எழுத்தைக் காணோம். "ஹேப்பி"க்கு மூணே எழுத்து. "ஃபர்கெட்"ல வர்ற "ஃபர்"க்கு நாலுன்னு நம்பர் போட்டிருக்கேன். "நீ ரொம்ப நல்லவன் டா"ங்கறதை இங்கிலீஷ் எழுத்துல எழுதியிருக்கேன். முழுப் பக்கம் வெள்ளைப் பேப்பர் இருக்கு, பேனா இருக்கு, யாரும் எழுத்துக்குக் காசு கேக்கல. அப்புறம் ஏன்?

இங்க கொஞ்சம் இன்ஜினியர் ஆகிக்கிறேன், ஸ்கிப் பண்ணாதீங்க. ஒரு எஸ்எம்எஸ்ல 140 பைட்டுக்குத்தான் இடம். இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு ஏழு பிட் போதும், அதனால 160 எழுத்து கொள்ளும். தமிழ்ல அடிச்சா ஒவ்வொண்ணுக்கும் பதினாறு பிட் வேணும், 70தான் கொள்ளும். அதுலயும் "கி"ன்னா க-வுக்கு ஒண்ணு, மேல கொக்கிக்கு ஒண்ணுன்னு ரெண்டு போயிடும். ஆக தமிழ்ல நாலு வார்த்தை பாசமா பேசினா ரெண்டு எஸ்எம்எஸ் காசு. பாதி போன்ல தமிழ் எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா வரும், அது வேற கதை. நாம ஏன் தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுப் பழகினோம்னு யாராவது கேட்டா, ஸ்டைலுக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. ஏழு பிட்டுக்கும் அதுல பங்கு இருக்கு.

அந்த வருஷமே இன்னொண்ணும் நடந்துச்சு. 2011 செப்டம்பர்ல டிராய் ஒரு ரூல் போட்டாங்க, ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்தான். விளம்பர மெசேஜ் தொல்லையைக் குறைக்கிறதுக்காக. ஆனா மாட்டினது நாங்க. "சாப்ட்டியா"க்கு ஒண்ணு, "ம்"முக்கு ஒண்ணு, "என்ன சாப்ட்ட"க்கு ஒண்ணுன்னு போனா 100 எங்க பத்தும்? கொஞ்ச நாள்ல 200 ஆக்கினாங்க. அந்த இடைவெளியில தமிழ்நாட்டுல எத்தனை "ம்" அனுப்பப்படாமலே போச்சோ.

அதனால உயிரெழுத்தை விழுங்கிப் பழகிட்டோம். பேப்பர்லயும் விழுங்கினோம். ஆல்வேஸ் பி ஹேப்பி.

ஃபேவரிட் மியூசிக்: லிங்கின் பார்க்

இங்கதான் கதையே இருக்கு.

என்கிட்ட இருந்தது எங்கப்பாவோட நோக்கியா 2700 கிளாசிக். சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்ததும், "டியூஷன் முடிஞ்சு லேட்டானா போன் பண்ணணும்"னு காரணம் சொல்லி எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். அப்ப நோக்கியான்னா ஒரு மரியாதை. ஸ்ரீபெரும்புதூர்ல ஃபேக்டரி வச்சு 2006-லேர்ந்து போன் செஞ்சுக்கிட்டிருந்தாங்க, கிட்டத்தட்ட நம்ம ஊரு கம்பெனி மாதிரி. 2014-ல அந்த ஃபேக்டரியை மூடினப்ப சொந்தக்காரங்க கடையை மூடின மாதிரி எங்க தெருவுல பேசினாங்க.

டியூஷன்ல இன்னொருத்தன் சாம்சங் கோர்பி வச்சிருந்தான். டச் ஸ்கிரீன். அதனால அவன் பேரு டச். ரேடியோகிட்ட இருந்தது அவங்கப்பாவோட சைனா செட். ரெண்டு சிம், பின்னாடி மூணு ஸ்பீக்கர், பாட்டு போட்டா ஓரத்துல லைட் எரியும், இழுக்கிற ஆன்டெனா வேற. அதுல பாட்டு போட்டா பக்கத்துத் தெரு மாட்டுக்கொட்டாய்ல மாடு திரும்பிப் பார்க்கும். அதான் ரேடியோன்னு பேரு வந்துச்சு.

சைனா செட்டுன்னா எல்லாரும் சிரிப்பாங்க. 2009 டிசம்பர்ல ஐஎம்இஐ நம்பர் இல்லாத செட்டையெல்லாம் நெட்வொர்க்லேர்ந்து கட் பண்ணாங்க, ஞாபகம் இருக்கா? ரேடியோவோட அப்பா டவுன்ஹால் ரோட்டுல ஒரு கடையில கொடுத்து நம்பர் ஏத்திக்கிட்டு வந்தாரு. அதையும் வச்சு ஓட்டுனோம். "உங்க போனுக்கு ஆதார் கார்டு வாங்கியாச்சா?" அந்த ஜோக்கை அடிச்சது நான்தான். அப்ப எல்லாரும் நல்லா சிரிச்சாங்க.

2012 ஆரம்பத்துல கரண்ட் கட் எப்படி இருந்துச்சுன்னு சென்னையில வளர்ந்தவங்களுக்குத் தெரியாது. எங்க ஊர்ல ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமெல்லாம் போகும். டியூஷன்ல கரண்ட் போனா சார் எங்களை மாடிக்கு அனுப்பிடுவாரு. மாடிக்குப் போனதும் முதல் வேலை, ப்ளூடூத் ஆன். இருட்டுல உக்காந்து சர்ச் போட்டா ஒவ்வொரு போனோட பேரும் வரிசையா வரும். "கில்லாடி", "தொட்டா சாவு", "சிங்கிள் சிங்கம்". ஆளோட மூஞ்சி தெரியாது, ப்ளூடூத் பேரு மட்டும் தெரியும். பேர் பண்ண கோடு நாலு சைபர். ஒரு பாட்டு போய்ச் சேர ஒண்ணு ரெண்டு நிமிஷம். அந்த நேரம் முழுக்க ரெண்டு போனையும் ஒட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். பத்து மீட்டர் வரைக்கும் போகும்னு இப்பத் தெரியுது. ஒட்டி வச்சா வேகமா போகும்னு அப்ப நம்பினோம்.

டச் எனக்கு லிங்கின் பார்க் அனுப்பினான். "நம்ப்", "இன் தி எண்ட்". ஒரு வார்த்தை புரியல. ஆனா கேட்டுக்கிட்டே தலையை ஆட்டினா பார்க்கிறவங்க மரியாதையா பார்த்தாங்க. 2011 நவம்பர்ல "கொலவெறி" வந்து இந்தியா முழுக்கத் தமிழும் இங்கிலீஷும் கலந்து பாடிக்கிட்டிருந்தாங்க. அப்பவும் எங்க மாடியில மதிப்பு லிங்கின் பார்க்குக்குத்தான்.

ரேடியோ எனக்கு அனுப்பினது மினி பஸ் பாட்டு. இளையராஜா, தேவா, மோகன் ஹிட்ஸ், ராமராஜன் ஹிட்ஸ். எங்க ஏரியா மினி பஸ்ல டிரைவர் அண்ணன் போடுற அதே வரிசை. எனக்கு அது உசுரு. குறிப்பா "கரகாட்டக்காரன்" பாட்டு. 1989 படம், மதுரையில ஒரு வருஷத்துக்கு மேல ஓடின படம், நான் பொறக்குறதுக்கு முன்னாடியே வந்த படம். ஆனா அந்த நாதஸ்வரமும் தவிலும் வந்தா எனக்கு மினி பஸ் ஜன்னல் சீட்டு ஞாபகம் வரும், காத்து வரும்.

ஆனா வெளிய சொல்ல முடியுமா? அதனால ஒரு டெக்னிக் பண்ணினேன். ரேடியோ அனுப்பின பாட்டையெல்லாம் "லிங்கின் பார்க்"னு ஒரு ஃபோல்டர்ல போட்டேன். ஃபைல் பேரையும் மாத்தினேன். நம்ப் ஒண்ணு, நம்ப் ரெண்டு, நம்ப் மூணு. நம்ப் ஏழு வரைக்கும் போச்சு. அந்த பேண்டுக்கே தெரியாத பாட்டெல்லாம் என் போன்ல இருந்துச்சு. இயர்போனை மாட்டிக்கிட்டு, ராமராஜன் பாட்டுக்கு, ராக் பாட்டு கேக்குற மாதிரி தலையை ஆட்டுவேன்.

இதுல ஒரு டெக்னிக்கல் ஓட்டை இருந்துச்சு. எம்பி3 ஃபைல்ல பேரு வெளிய ஒட்டின லேபிள் மட்டும்தான். உள்ள ஐடி3 டேக்னு ஒண்ணு இருக்கும். பாட்டுப் பேரு, படத்துப் பேரு, பாடினவங்க பேரு எல்லாம் அதுல இருக்கும். பழைய வகையில ஃபைலோட கடைசி 128 பைட். ஃபைல் பேரை எத்தனை தடவை மாத்தினாலும் அது மாறாது. பிளேயர் ஸ்கிரீன்ல காட்டுறது அந்த டேக்கைத்தான். இதெல்லாம் எனக்குக் காலேஜ் போன பிறகுதான் தெரியும். ராத்திரி வீட்டுல போர்வைக்குள்ள கேக்கும்போது ஸ்கிரீனை யார் பார்த்தா?

ஒரு நாள் டியூஷன் மாடியில கேட்டுக்கிட்டிருக்கேன். தலையாட்டல் நல்லா போய்க்கிட்டிருக்கு. டச் பக்கத்துல வந்து உக்காந்து ஸ்கிரீனைப் பார்க்கிறான். அதுல பெரிய எழுத்துல "கரகாட்டக்காரன்"னு ஓடுது, பின்னாடியே டவுன்லோட் பண்ணின சைட்டோட பேரும் ஓடுது. ஒரு பக்க இயர்போனைப் புடுங்கித் தன் காதுல வச்சான். வச்சுட்டு மாடியே அதிருற மாதிரி சிரிச்சான். பன்னெண்டு பேரு. எல்லார் காதுக்கும் அந்த இயர்போன் போயிட்டு வந்துச்சு.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? "டேய், எனக்குத் தெரியாதுடா, ரேடியோதான் மாத்தி அனுப்பிட்டான். அவன் சைனா செட்டுல பேரெல்லாம் மாறிடும்டா."

ரேடியோ அங்கதான் உக்காந்திருந்தான். என்னை ஒரு செகண்ட் பார்த்தான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "ஆமாடா, நான்தான் மாத்தி அனுப்பிட்டேன், செட்டு அப்படி"ன்னான். அடுத்த ஒரு மாசம் கிளாஸ் முழுக்க அவனை ராமராஜன்னு கூப்பிட்டாங்க. நானும் கூப்பிட்டேன்.

பெஸ்ட் ஃப்ரெண்ட்

இது நடந்து மூணு வாரத்துல அந்த ஸ்லாம் புக் என்கிட்ட வந்துச்சு. ரேடியோவோட ஸ்லாம் புக். நான் எழுதின பக்கத்துல, பெஸ்ட் ஃப்ரெண்ட்ங்கற இடத்துல, டச்சோட பேரு இருக்கு. அதுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டு, ஒரு ஸ்டார் வேற.

ரேடியோவோட நோட்டுல. தினமும் ஒரே டம்ளர்ல பருத்திப்பால் குடிச்சவனோட நோட்டுல.

சத்தியமா சொல்றேன், எழுதும்போது எனக்கு அது தப்பாவே தெரியல. கேள்விக்குப் பதில் எழுதினேன், அவ்வளவுதான். பீட்சா எழுதின மாதிரி, லிங்கின் பார்க் எழுதின மாதிரி, டச் பேரையும் எழுதினேன். எல்லாம் ஒரே லிஸ்ட்டு. டச்சுக்கு நான் யாருன்னு இன்னைக்கு ஞாபகம் இருக்குமான்னே தெரியல. பதினொண்ணாவதுல அவன் வேற ஸ்கூல் போனான், அதோட சரி.

போட்டோ வந்த ராத்திரி நான் தூங்கல. மறுநாள் போன் பண்ணினேன். இப்ப அவன் கோயம்புத்தூர்ல ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில இருக்கான். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறாங்கன்னு லீவுல மதுரை வந்திருக்கான். அம்மா பரண்ல இருக்கிறதையெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போடச் சொன்னாங்களாம். அதுல இந்த நோட்டு கிடைச்சிருக்கு.

கொஞ்ச நேரம் பீட்சாவைப் பத்திச் சிரிச்சோம். அப்புறம் நான் மாடி மேட்டரைச் சொன்னேன். "அன்னைக்கு உன்மேல பழியைப் போட்டேன்டா, சாரிடா"ன்னேன்.

"எது? ராமராஜனா? அடப்போடா, அந்தப் பேரு எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு"ன்னான். எனக்கு அப்பாடான்னு ஆச்சு. அப்புறம் சாதாரணமாத்தான் சொன்னான்: "அது ஒண்ணும் இல்லடா. நீ அவன் பேரை எழுதினதுதான் அன்னைக்கு நைட்டு கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துச்சு."

என்ன சொல்றதுன்னு தெரியல. "உன் நோட்டுல உன் பக்கம் இருக்குமே, அதை அனுப்பு"ன்னேன். ஸ்லாம் புக் வச்சிருக்கவன் கடைசிப் பக்கத்துல தானே எழுதிக்கிறது ஒரு வழக்கம். அனுப்பினான்.

ஃபேவரிட் ஃபுட்: பருத்திப்பால். தமிழ்லயே எழுதியிருக்கான். ஃபேவரிட் மியூசிக்: நம்ப், லிங்கின் பார்க்.

நான் சிரிச்சுட்டேன். "டேய், நீயுமா டூப் அடிச்ச?" அவன் சொன்னான், "டூப் இல்லடா. நீதான அனுப்பின? எனக்கு நிஜமாவே பிடிச்சுது. இன்னைக்கும் ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது கேப்பேன்." அப்புறம் அந்தப் பாட்டு எதைப் பத்தினதுன்னு எனக்கு விளக்கினான். அடுத்தவங்க எதிர்பார்க்கிற மாதிரியே இருந்து இருந்து ஒருத்தன் மரத்துப் போறான், அதைப் பத்தின பாட்டு. 2017 ஜூலையில செஸ்டர் பென்னிங்டன் இறந்தப்ப அவன் வரி வரியா தேடிப் படிச்சானாம். நான் அன்னைக்கு ஸ்டேட்டஸ் போட்டேன். ஆர்ஐபி லெஜண்ட். வரியைப் படிக்கல.

அந்தப் பாட்டைக் கேக்குற மாதிரி வருஷக்கணக்கா நடிச்சிருக்கேன் மக்களே. நடிக்கிறதைப் பத்தின பாட்டை.

அவன் பக்கத்துல பெஸ்ட் ஃப்ரெண்ட்ங்கற இடம் காலியா இருக்கு. கேள்வி இருக்கு, பதில் இல்ல. நாப்பது தடவை அந்தக் கேள்வியை எழுதினவன், தன் பக்கத்துல மட்டும் பதில் எழுதல. ஏன்டான்னு நான் கேக்கல. கேக்கத் தேவையும் இல்ல.

கடைசியா ஒரு டெக்னிக்கல் தகவல். ப்ளூடூத்ங்கறது பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஒருத்தரோட பட்டப்பேரு. ஆளுங்களை ஒண்ணு சேர்த்த ராஜான்னு அந்தப் பேரை வச்சாங்க. அந்த மாடியில அது ஒழுங்காத்தான் வேலை செஞ்சிருக்கு. அவன் பாட்டு எனக்கு வந்துச்சு, நான் அனுப்பினது அவனுக்குப் போச்சு, ரெண்டு பேருக்கும் பிடிச்சுது. நான்தான் ஃபைல் பேரை மாத்தி வச்சிருந்தேன்.

அந்த நோட்டைக் கடைக்குப் போடாத, கூரியர்ல அனுப்புடான்னு கேட்டேன். முடியாதுன்னுட்டான். "நேர்ல வா. உன் பக்கத்தை அடிச்சுட்டு ஒழுங்கா எழுதிக் குடு. பேனா நான் தர்றேன்." சித்திரைத் திருவிழாவுக்கு ரெண்டு பேருமே ஊருக்குப் போறோம். பருத்திப்பால் ஆளுக்கு ஒண்ணு வாங்கலாம், இப்ப காசு இருக்கு. ஒரே டம்ளரா வாங்கலாம்னுதான் நான் யோசிச்சு வச்சிருக்கேன்.

சரி, உங்க முறை. உங்க ஸ்லாம் புக்ல, ஆர்குட் பயோல, எங்கயாவது நீங்க எழுதின ஒரு பொய்யான ஃபேவரிட்டையும், உண்மையான பதிலையும் ஒரு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல போடுறேன். பேரு சொல்ல வேண்டாம், பட்டப்பேரு போதும். ஒரே ஒரு கண்டிஷன்: உண்மையிலயே பீட்சா பிடிக்கும்ங்கறவங்க, அது சாப்பிட்ட பிறகு எழுதினதான்னும் சொல்லிடுங்க.

அதுவரைக்கும், ஆல்வேஸ் பி ஹேப்பி. உயிரெழுத்தோட. வர்றேன் மக்களே.